கோணல் முதுகும் மடிப்புத் துணியும்

நம் தையல்காரர் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று மூன்று பேர் வீட்டுக்கு வந்தார்கள். மூன்று பேருக்கும் என் வயதில் பாதிகூட இருக்காது. நாற்காலியில் உட்காரும்போது மூன்று பேருமே இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அப்பாடா" என்றார்கள். அதில் ஒருவர் சட்டைக்குள் சாண் அகலத்துக்கு பெல்ட் கட்டியிருந்தார். இவர்களுக்கு மோட்டார் மிஷின், சுழல் நாற்காலி, தலைக்கு மேல் ஃபேன். காலால் மிதிக்கிற வேலைகூட இல்லை. இருந்தும் அப்பாடா.

"அய்யா, உங்க தொழில் அனுபவத்தை எழுதித் தாங்க" என்றார் ஒருவர்.

"தொழிலை விடுங்க" என்றார் பெல்ட்காரர். "இந்த வயசுல எப்படிங்க குனிஞ்சு செருப்பு மாட்டுறீங்க? அதை எழுதுங்க."

எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை முடித்துக்கொண்டவன் நான். எழுத்துப்பிழை இருந்தால் மலர்க் குழுவினர் திருத்திக்கொள்ளட்டும். அவர்கள் கெடுத்த சட்டைகளை நான் எத்தனை திருத்திக் கொடுத்திருக்கிறேன் என்று அவர்களுக்குத் தெரியும்.

முதல் விஷயம், என் முதுகெலும்பு நேர் கிடையாது. வலப் பக்கமாக லேசாக வளைந்திருக்கிறது. வலத் தோள் கொஞ்சம் ஏற்றம், இடத் தோள் இறக்கம், இடது இடுப்பு சற்று வெளியே. வேட்டி கட்டினால் ஒரு கரை தரையைப் பெருக்கும், இன்னொரு கரை கணுக்காலுக்கு மேலே நிற்கும். இந்த முதுகை வைத்துக்கொண்டுதான் நான் திருச்சியிலும் ஸ்ரீரங்கத்திலும் முப்பத்தெட்டு வருஷம் தைத்தேன், வெட்டினேன். நேரான முதுகுக்காரர்கள் எத்தனையோ பேர் நடுவில் எழுந்து போய்விட்டார்கள்.

தொட்டியத்துப் பக்கம் வாழைத்தார் சுமந்த குடும்பம். பதினோரு வயதில் திருச்சிக்கு வந்து, தெப்பக்குளம் அருகில் இருந்த அந்தோணிசாமி மாஸ்டர் கடையில் சேர்ந்தேன். காஜா எடுத்தேன், பட்டன் கட்டினேன், பதினெட்டு வயதில் மிஷினில் உட்கார்ந்தேன். கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. எல்லாரும் வாங்குகிற அடியைத்தான் நானும் வாங்கினேன்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பாலக்கரைக்காரர், குள்ளம், கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை. அளவு நாடா எப்போதும் கழுத்தில் தொங்கும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகும்போதுதான் கழற்றுவார். அளவெடுக்கும்போது நாடாவைப் பார்க்கவே மாட்டார். ஆளை நிற்க வைத்து, "வீட்டுல மாடு எப்படி கறக்குது? மழை பேஞ்சுச்சா?" என்று ஏதாவது கேட்பார். அந்த ஆள் பேச ஆரம்பித்ததும் விறைப்பு விட்டு, தோள் இறங்கி, வயிறு வெளியே வரும். அந்த நேரத்தில் நாடாவைப் போட்டு எடுத்துவிடுவார். விரல் நுனியிலேயே அங்குலம் தெரியும் அவருக்கு. எண்களைச் சொல்லச் சொல்ல நாங்கள் நோட்டில் எழுத வேண்டும்.

அந்த நோட்டில் ஒரு வழக்கம் உண்டு. வாடிக்கைக்காரர் உடம்பில் குறை இருந்தால் கடையில் யாரும் வாய் திறக்கக் கூடாது. "புள்ளி" என்று மட்டும் மாஸ்டர் சொல்வார். பெயருக்குக் கீழே புள்ளி என்றால் தொந்தி. மேலே புள்ளி என்றால் தோள் ஏற்ற இறக்கம். அளவு கொடுத்தவருக்கு எதுவும் தெரியாது. உடம்பைப் பற்றி ஒரு சொல் விழுந்தால் அந்த ஆள் மறுபடி நம் கடைப் படி ஏற மாட்டான் என்பது மாஸ்டரின் சட்டம்.

இந்தச் சட்டமெல்லாம் காசு கொடுக்கிறவனுக்கு. எனக்கு இல்லை. மிஷினில் குனிந்து உட்கார்ந்திருக்கும் என்னைப் பார்த்து, கடை முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவார்.

"நேரா உக்காருடா, கோணலா."

"நேராத்தாங்க மாஸ்டர் உக்காந்திருக்கேன்."

கடையே சிரிக்கும். துணி கொடுக்க வந்தவர்களும் சேர்ந்து சிரிப்பார்கள். ஆனால் நான் சொன்னது பொய் இல்லை. கோணல் முதுகு உள்ளவனுக்குத் தன் முதுகு நேராகத்தான் தெரியும். பிறர் சொல்கிறபடி நிமிர்ந்தால் எங்கேயோ சாய்ந்து விழப்போகிற மாதிரி இருக்கும். இது நேர் முதுகுக்காரனுக்குப் புரியாது.

இருபத்தைந்து வயதைத் தாண்டியதும் வலி பிடித்தது. மத்தியானம் மூன்று மணிக்கு மேல் வலது தோள்பட்டைக்குக் கீழே சுத்தியலால் தட்டுவது போல இருக்கும். சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி ஸ்ரீரங்கம் போவதற்குள் நரகம்.

என் சம்சாரம் தனம் சும்மா இருப்பாளா. சமயபுரத்துக்கு வேண்டிக்கொண்டாள். அங்கே கடையில் கண் தகடு, கை தகடு, கால் தகடு எல்லாம் இருந்தது, முதுகுக்குத் தகடு இல்லை. முழு ஆள் உருவத் தகட்டை வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு வந்தாள். அந்தத் தகட்டு ஆள் விறைப்பாக நேராக நின்றான். அம்மன் அந்த அடையாளத்தை வைத்துக்கொண்டு திருச்சி ஜில்லா முழுக்கத் தேடியிருப்பாள். என்னைக் கண்டுபிடித்திருக்க மாட்டாள்.

அடுத்து மன்னார்புரத்தில் சுளுக்கு எடுக்கிறவர் ஒருவர். என்னைக் குப்புறப் போட்டு மேலே ஏறி நின்றார். "எலும்பு உள்ள போகுது பாருங்க" என்றார். எலும்பு போகவில்லை, என் மூச்சுதான் போனது. நாலு நாள் வேலைக்குப் போகவில்லை. சிறு வயதில் வாழைத்தார் சுமந்ததால் வந்தது என்றார் ஒருவர். ஒரே பக்கம் படுத்ததால் என்றார் இன்னொருவர். காரணம் சொல்ல வந்தவர்களுக்கெல்லாம் தனம் காபி கொடுத்தாள். எனக்குத்தான் காபித்தூள் தட்டுப்பாடு.

கடைசியில் கன்டோன்மென்டில் ஒரு டாக்டரிடம் போனேன். பட்டாளத்தில் இருந்து வந்தவர். சட்டையைக் கழற்றச் சொன்னார். இரண்டு கையையும் சேர்த்துத் தொங்கவிட்டுக் குனியச் சொல்லி, பின்னால் நின்று என் முதுகைக் கூரையைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு நிமிர்த்தி, நீலப் பென்சிலால் முதுகெலும்பு முடிச்சு ஒவ்வொன்றின் மேலும் ஒரு புள்ளி வைத்தார். கண்ணாடி ஒன்றைப் பின்னால் பிடித்து, முன் கண்ணாடியில் என்னையே பார்க்கச் சொன்னார்.

பார்த்தேன். கழுத்திலிருந்து இடுப்புவரை நீலப் புள்ளிகள் வரிசையாக இறங்கின. நடுவில் வலப் பக்கமாகப் போய், மறுபடி நடுவுக்கு வந்தன. நாம் கை வளைவுக்குச் சாக்குக்கட்டியால் புள்ளி போட்டுச் சேர்ப்போமே, அச்சு அசல் அதே மாதிரி.

"இது மைல்ட். வளர்ற வயசுல வந்தது. சுமை தூக்குனதால இல்ல. இனி நேராகாது, பெரும்பாலும் பெரிசாவும் ஆகாது" என்றார் டாக்டர். "வலிக்கிறது எலும்பு இல்லய்யா, சதை. ஒரே மாதிரி உட்கார்ந்தா சதைக்கு அலுத்துப்போகும். எழுந்திரு, நட, நீந்து."

"மருந்துங்க?"

"அதான் சொன்னேனே."

நடக்கச் சொல்வதற்கு ஒரு டாக்டரா என்று திட்டிக்கொண்டேதான் கன்டோன்மென்டிலிருந்து சத்திரம்வரை நடந்தேன். நடந்து முடித்தபோது வலி பாதியாகியிருந்தது. திட்டுவதையும் பாதியாகக் குறைத்துக்கொண்டேன்.

பெல்ட்காரரே, இனி கவனமாகப் படியுங்கள். நான் கைக்கெடிகாரம் கட்டியவன் இல்லை. என் கெடிகாரம் பாபின். கீழ் நூல் பாபின் தீர்ந்தால் உட்கார்ந்தபடியே மாற்றாமல் எழுந்துவிடுவேன். பானைவரை நடந்து ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சம் உடம்பை இழுத்துவிட்டு, வந்து மாற்றுவேன். வெட்டுத் துணியை மடித்துத் தைத்து ஒரு சின்னத் திண்டு செய்து, எந்தப் பக்கம் வைத்தால் வலி குறைகிறது என்று பார்த்து அந்தப் பக்கம் வைத்து உட்கார்ந்தேன். குனிவது குறையட்டும் என்று மிஷின் காலுக்கடியில் கட்டை வைத்தேன். தண்ணீரை ஒரே குடமாக இடுப்பில் தூக்காமல் இரண்டு வாளியில் பாதிப் பாதியாகத் தூக்கினேன். காலையில் அம்மா மண்டபத்துக்குப் போய், காவிரியில் தண்ணீர் இருந்தால் நீச்சல். இல்லாவிட்டால் பாலத்தில் நடை. வலி கூடின நாளில் தனம் நாலு மடிப்புப் போர்வையை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துச் சூடாக முதுகில் போடுவாள். முதல் நாள் போர்வையை என் மேல் போட்டுவிட்டுப் பெட்டியால் தேய்க்கப் பார்த்தாள். அதை யாரும் செய்ய வேண்டாம்.

மாஸ்டருக்கு இது ஒன்றும் பிடிக்கவில்லை.

"பாபின் தீந்தா கைய மாத்துடா, காலை ஏன்டா மாத்துற? கோயில் பிரகாரமா இது, சுத்திச் சுத்தி வர்றதுக்கு?"

ஆனாலும் சாயங்காலம் எண்ணிப் பார்த்தால் உருப்படி என்னிடம்தான் ஒன்று கூடுதலாக இருக்கும். அது அவருக்கு இன்னும் பிடிக்கவில்லை.

இப்படி இருக்கையில் ஸ்ரீரங்கத்தில், அப்போது மொட்டையாக நின்ற ராஜகோபுரத்துக்குப் பக்கத்தில், கிளை திறக்கப் போவதாக மாஸ்டர் சொன்னார். அங்கே ஒரு கட்டிங் மேசை. வெட்டுகிற மாஸ்டருக்கு உட்கார வேண்டியதில்லை. நின்று, நடந்து, நாலு பக்கமும் சுற்றி வேலை செய்யலாம். எனக்கு அது பதவி இல்லை, பிழைப்பு. என்னதான் பாபின் வைத்தியம் செய்தாலும் மிஷினில் குனிந்து இன்னும் பத்து வருஷம் தாங்காது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தாங்காவிட்டால் மூன்றாம் வகுப்புக்காரனுக்கு வேறு என்ன வேலை இருக்கிறது? வாழைத்தாருக்குத்தான் திரும்பிப் போக வேண்டும்.

நேராகவே கேட்டேன். "கிளைக்கு என்னை அனுப்புங்க மாஸ்டர். வெட்டு எனக்குத் தெரியும்."

"தெரியும்தான்" என்றார். "ஆனா நாடாவும் கையுமா நீ போய் நின்னா, வர்றவன் என்ன நினைப்பான்? இவன் தைச்சா நானும் இப்படித்தான் நிப்பேன்னு நினைக்க மாட்டானா? செல்வராஜ் போகட்டும்."

செல்வராஜ் அவருடைய அக்காள் மகன். முதுகு ஸ்கேல் மாதிரி இருக்கும். வெட்டும் கை ஆற்று மணலில் எருமை நடந்த மாதிரி இருக்கும்.

அந்த மாதத்தில்தான் கறுப்புக் கோட்டு வந்தது. ஸ்ரீரங்கம் வடக்குச் சித்திரை வீதியில் ஓர் அய்யங்கார் வீட்டுப் பையன், வக்கீலுக்குப் படித்து முடித்து முதல் தடவையாகக் கோர்ட்டுக்குப் போக வேண்டும். அப்பாவும் பிள்ளையும் கடைக்கு வந்தார்கள். அப்பா கையைக் கட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றதால், பையன் விறைப்பை விடவே இல்லை. மாஸ்டர் என்ன பேச்சுக் கொடுத்தும் பலிக்கவில்லை. இடத் தோள் இறக்கம் மட்டும் அவர் கண்ணில் பட்டது. "புள்ளி" என்றார். பெயருக்கு மேலே வைத்தேன்.

எப்போதும் போல வலப் பக்கம் மட்டும் அளந்தார். துணியை மடித்துப் போட்டு, ஒரே வெட்டில் இரண்டு பக்கத்தையும் எடுத்தார். உலகத்துத் தையல்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் செய்கிறோம். மனுஷன் மடித்து வெட்டின துணி மாதிரி இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பான் என்று ஒரு நம்பிக்கை. இறங்கின தோளில் பஞ்சு வைத்துச் சரிக்கட்டினார்.

கோட்டு திரும்பி வந்தது. மாஸ்டர் இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்தார். மறுபடி திரும்பி வந்தது. இந்தத் தடவை அப்பாவே வந்தார்.

"என் பிள்ளை இதைப் போட்டுண்டா சுமை தூக்கறவன் மாதிரி இருக்கான், ஓய். இடத் தோள்ல என்ன, தலையணையா வெச்சிருக்கீர்?"

"தோள் கொஞ்சம்…" என்று மாஸ்டர் தன் சட்டத்தைத் தானே மீறப் பார்த்தார்.

"என் பிள்ளைக்கு ஒரு குறையும் கிடையாது. பெருமாள் கிருபையிலே லட்சணமா இருக்கான். குறையெல்லாம் உம்ம கத்தரியிலேதான். திங்கட்கிழமைக்குள்ள சரியா வரலைன்னா சித்திரை வீதி, உத்திர வீதி அத்தனை பேர்கிட்டயும் சொல்லுவேன்."

சொன்னால் கிளை திறந்து பிரயோஜனமில்லை. மாஸ்டர் முகம் வெளுத்துப்போனது. மிஷினிலிருந்து எழுந்தேன். அப்போது பாபின்கூடத் தீரவில்லை.

"நான் பாக்குறேங்க மாஸ்டர். சரியா வந்தா கிளை மேசை எனக்கு."

செல்வராஜ் சிரித்தான். மாஸ்டர் சிரிக்கவில்லை. அய்யங்காரின் முகத்தைப் பார்த்தார், காலண்டரைப் பார்த்தார், கோட்டை என் கையில் கொடுத்தார்.

மறுநாள் காலை சித்திரை வீதிக்குப் போனேன். வாசலை அடுத்த ரேழியில் நிற்க வைத்தார்கள். என் கை பட்ட கோட்டைப் பிள்ளை போடலாம், என் கை பட்ட பிள்ளை குளிக்காமல் உள்ளே போகக் கூடாது. அது அவர்கள் கணக்கு. நான் கண்டுகொள்ளவில்லை. அப்பாவைத்தான் முதலில் அப்புறப்படுத்த வேண்டும். "குடிக்கத் தண்ணி கிடைக்குங்களா?" என்றேன். யார் எந்தப் பாத்திரத்தில் கொடுப்பது என்று உள்ளே பேச்சு நடந்து முடிய நேரமாகும் என்று எனக்குத் தெரியும்.

"வக்கீல் சார், சட்டையைக் கழட்டுங்க. நேரா நில்லுங்க."

"நேராத்தானே நிக்கறேன்" என்றார் அந்தப் பிள்ளை.

அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பின்னால் போய், வெள்ளை நூலில் என் வீட்டுச் சாவியைக் கட்டி, கழுத்து எலும்பிலிருந்து தொங்கவிட்டேன். நூல் நேராக இறங்கியது. முதுகெலும்பு இறங்கவில்லை. நடுவில் நூலை விட்டு வலப் பக்கம் போய், இடுப்பில் வந்து சேர்ந்தது. டாக்டர் வைத்த நீலப் புள்ளி நினைவுக்கு வந்தது. சாக்குக்கட்டியால் முடிச்சுக்கு முடிச்சு புள்ளி வைத்தேன். தோள் இறக்கம் வெறும் வால்தான். நிஜமான விஷயம் முதுகில் இருந்தது. வலது தோள்பட்டை எலும்பு பின்னால் தள்ளிக்கொண்டு, கோட்டின் வலப் பக்கத்தை மேலே இழுத்தது. இடப் பக்கம் இடுப்புப் பள்ளத்தில் துணி சரிந்து மடிப்பு விழுந்தது. மாஸ்டர் பஞ்சு வைக்க வைக்க மடிப்பு கூடத்தான் செய்யும்.

"மத்தியானத்துக்கு மேல வலது தோள்பட்டைக்குக் கீழே வலிக்குமே சார்?" என்று மெதுவாகக் கேட்டேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்? அப்பாகிட்ட நான் சொன்னதே இல்லை."

"புஸ்தகம் ஒரே பக்கமாத் தூக்காதீங்க. ரொம்ப நேரம் உக்காந்து படிக்காதீங்க, நடுவுல எழுந்து நடங்க. நீச்சல் தெரியுமா?"

தண்ணீர் வருவதற்குள் இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக அளந்து முடித்துவிட்டேன். வலது வேறு, இடது வேறு. இரண்டு ஆளுக்கு எடுத்த மாதிரி இருந்தது.

மாஸ்டர் மேசையில் முதல் தடவையாக மடிக்காமல் துணியை விரித்தேன். மிச்சத் துணியில் வலது முதுகை மட்டும் புதிதாக, தோள்பட்டைக்கு இடம் விட்டு, கொஞ்சம் நீளமாக வெட்டினேன். பஞ்சை எல்லாம் பிடுங்கி எறிந்துவிட்டு மெல்லிசாக ஒரு பட்டை வைத்தேன். இடது பக்க இடுப்பில் உட்புறம் கேன்வாஸ் கொடுத்துப் பள்ளத்தை மூடினேன்.

"விரிச்சு வெட்டுறான் பாரு, பாய் முடையற மாதிரி" என்றான் செல்வராஜ்.

"வாய மூடுறா" என்றார் மாஸ்டர். அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை சாயங்காலம் அய்யங்கார் வந்தார். பிள்ளை கோட்டைப் போட்டுக்கொண்டு நின்றது சிலை மாதிரி இருந்ததாம். சீனியர் வக்கீலே எங்கே தைத்தது என்று கேட்டாராம். எல்லாவற்றையும் சொல்லிவிட்டு மாஸ்டரைப் பார்த்துச் சொன்னார்: "இப்பதான் ஓய் உம்ம கத்தரி நேராச்சு."

கடைசிவரை பிள்ளை முதுகைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாங்களும் சொல்லவில்லை. ஆனால் முதுகுக்கு நோட்டில் இடமில்லையே. பெயருக்கு மேலேயும் இல்லாமல் கீழேயும் இல்லாமல், முதுகு வளைந்த பக்கமாகப் பெயருக்கு வலப்புறம் ஒரு புள்ளி வைத்தேன். இடது பக்கம் வளைந்தால் இடப்புறம். அந்தக் கடையில் நான் போட்ட சட்டம் அது.

மேசை எனக்கு வந்தது. ஸ்ரீரங்கத்துக் கிளையில் அதன் நாலு காலுக்கும் செங்கல் வைத்து என் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டேன். நான் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம் வந்தது. எப்படித்தான் தெரியுமோ, ஒரு தோள் இறங்கினவர்கள், இடுப்பு தள்ளினவர்கள், எல்லாரும் என்னைத் தேடி வந்தார்கள். என் முதுகைப் பார்த்து ஓடுவார்கள் என்று மாஸ்டர் சொன்னார் அல்லவா. என் முதுகைப் பார்த்துத்தான் வந்தார்கள்.

சில வருஷம் கழித்து மாஸ்டர் தன் பெண் கல்யாணத்துக்குக் கோட்டுத் தைத்துக்கொள்ள ஆசைப்பட்டார். தன்னைத் தானே அளந்துகொள்ள முடியாது. செல்வராஜிடம் அளவு கொடுக்கத் தைரியம் இல்லை. பஸ் ஏறி ஸ்ரீரங்கம் வந்தார்.

சட்டையைக் கழற்றச் சொன்னேன். நூலில் சாவியைக் கட்டித் தொங்கவிட்டேன். ஒரு நிமிஷம் என் கண்ணை நானே நம்பவில்லை. நாற்பது வருஷமாகக் குள்ள மேசையில் இடது கையை ஊன்றி, வலது கையால் கத்தரி பிடித்தவர். நூல் நேராக இறங்கியது, அவர் முதுகு இடப் பக்கமாகப் போனது.

கடையில் நாலு பேர் இருந்தார்கள். கத்தலாம். எத்தனை வருஷக் கடன் அது. கத்தாமல் நோட்டை எடுத்து அளவுகளை எழுதி, பெயருக்கு இடப்புறம் ஒரு புள்ளி வைத்தேன். இதை நல்ல குணம் என்று நினைத்துவிட வேண்டாம். கத்தியிருந்தால் அவருக்கு ஒரு நாள்தான் வலித்திருக்கும், புள்ளி நோட்டிலேயே நிற்கும்.

சட்டையை மாட்டிக்கொண்டே நோட்டை எட்டிப் பார்த்தார். புள்ளியில் அவர் விரல் வந்து நின்றது. நோட்டை மூடினார்.

"சாயங்காலமானா இங்க கொஞ்சம் இழுக்குதுடா" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நீ ஆத்துக்கு எத்தனை மணிக்குப் போவ?"

மறுநாள் விடிந்ததும் அம்மா மண்டபத்துப் படியில் துண்டோடு நின்றார். முழங்கால் தண்ணீருக்கு மேல் இறங்கப் பயம். கையை ஊன்ற அங்கே மேசை இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டு நின்றார்.

"நேரா நில்லுங்க மாஸ்டர்" என்றேன்.

"நேராத்தான்டா நிக்கிறேன்" என்றார்.